கைத்தகட்டின் விலையைத் தொழிலாளி ஏன் கொடுக்கவேண்டும்?

உழைப்பவனுக்குக் கையே மூலதனம். அந்தக் கை முறிந்தால் வீட்டு அடுப்பும் அணைகிறது. கிள்ளான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் செம்பனைத் தோட்டங்களாகவும் மாறிவிட்டன. ஆயினும் விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகையில் விழுந்தும், வெட்டிய குலை மேலே சரிந்தும் முன்கையை முறித்துக்கொள்ளும் தோழர்கள் இன்றும் இருக்கின்றனர்.

முன்கையில் எலும்புகள் இரண்டு. உள்ளங்கையைத் திருப்பும்போது ஒன்று மற்றொன்றின்மீது புரளுகிறது. பால்வெட்டுக் கத்தியைப் பட்டையில் சரித்துப் பிடிப்பதும் இந்தப் புரளலால்தான். பெரியவர்களுக்கு இரண்டும் முறிந்து விலகிவிட்டால், மாவுக்கட்டோ மூங்கில் கட்டோ அவற்றை நேராக நிறுத்துவது அரிது. கோணலாகக் கூடிய கை திரும்பாது. ஆகவேதான் டாக்டர்கள் தகடு வைத்துத் திருகாணியால் பொருத்துகின்றனர். 1958ல் ஸ்விட்சர்லாந்தில் தோன்றிய ஏ.ஓ. என்னும் மருத்துவர் குழு இம்முறையை உலகெங்கும் பரப்பியது.

2000ஆம் ஆண்டையொட்டிப் பூட்டுத் தகடு வந்தது. பழைய தகட்டைத் திருகாணி எலும்போடு இறுக்கி அழுத்தும். புதியதிலோ திருகாணியின் தலையிலும் தகட்டின் துளையிலும் மரை உண்டு. இரண்டும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். எலும்பு மெலிந்த முதியோருக்கும், எலும்பு நொறுங்கியோருக்கும் இது பெருந்துணை. ஆனால் விலை அதிகம். உறுதியான எலும்பில் ஏற்படும் சாதாரண முறிவுக்குப் பழைய அழுத்தத் தகடும் ஏறக்குறைய அதே பலனைத் தருகிறது. ஆதலால், "என் கைக்கு எது தேவை? ஏன்?" என்று டாக்டரிடம் மரியாதையாகக் கேளுங்கள். கேட்பது குற்றமல்ல.

அடுத்தது பணம். அரசாங்க ஆஸ்பத்திரியில் வார்டுக் கட்டணம் சொற்பமே. ஆனால் தகட்டையும் திருகாணியையும் நோயாளியே வாங்கவேண்டிய நிலை ஏற்படுவதுண்டு. அப்போது தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போகிறது. வேலையில் முறிந்த கைக்கு இது நியாயமா?

1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த சொக்சோ, வேலையிடத்து விபத்தை மட்டுமல்ல, வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்தையும் தொழில் விபத்தாகவே கொள்கிறது. தோட்டத் தொழிலாளிக்கு மட்டுமல்ல, பிரிக்பீல்ட்ஸ் கடைச் சிப்பந்திக்கும் இவ்வுரிமை உண்டு. 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் உண்டு. மருத்துவ உதவியோடு, வேலை செய்ய இயலாத நாட்களுக்கு உதவித்தொகையும், கை நிரந்தரமாக ஊனமுற்றால் அதற்குரிய தொகையும் கிடைக்கும்.

இவற்றுக்கெல்லாம் முதற்படி, விபத்தை முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிப்பதாகும். இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். "வீட்டில் விழுந்தேன் என்று சொல்லிவிடு" என்று எவர் கூறினாலும் இணங்காதீர்கள். அந்த ஒரு பொய் உங்கள் உரிமை முழுவதையும் பறித்துவிடும். நடந்ததை நடந்தபடி ஆஸ்பத்திரியில் பதியுங்கள். பார்த்தவர் பெயரைக் குறித்துவையுங்கள். எக்ஸ்ரே, ரசீது அனைத்தையும் பத்திரப்படுத்துங்கள். உடனே சங்கத்துக்குத் தெரிவியுங்கள்.

அரசாங்கத்தை நாம் கேட்பதும் ஒன்றுண்டு. வேலையில் கை முறிந்து வருபவனிடம் முதலில் தகட்டுக்குப் பணம் கேட்டு, பின்னர் ரசீதோடு அலைய விடலாகாது. தகடு முதலில் கைக்குள் போகட்டும். கணக்கை ஆஸ்பத்திரியும் சொக்சோவும் தமக்குள் தீர்த்துக்கொள்ளட்டும். நாட்டுக்கு உழைத்த கை, கடன் கேட்டு நீளும் கையாகக் கூடாது.