மறதிநோய்த் தடுப்பும் மருத்துவ அறமும்

நோய் வந்தபின் மருந்து தேடுவதினும் வருமுன் காத்தலே சிறந்தது என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. ஆயின், காத்தல் என்பதே விற்பனைப் பண்டமாக மாறும்போது, விற்பவர் எத்துணைப் புலமை வாய்ந்தவராயினும், அவரிடம் சான்று கேட்பது அறிவுலகின் கடமையாகின்றது. அமெரிக்க நரம்பியல் மருத்துவர் டேல் பிறெடெசனின் பணி வரலாறு இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். நவீன மருத்துவத்துடன் உணவு, உறக்கம், உடற்பயிற்சி, தியானம், மூலிகை முதலியவற்றையும் இணைக்கும் ‘ஒருங்கிணைந்த மருத்துவம்’ நினைவிழப்பைத் தடுக்கும். இழந்ததை மீட்கவும் செய்யும் என்பது அவர் வாதம்.

அவர் போலி மருத்துவர் அல்லர். 1997 இல் நோபல் பரிசு பெற்ற ஸ்ரான்லி புறூசினரின் ஆய்வுகூடத்தில் பயின்றவர். கலிபோர்னியாவிலுள்ள பக் முதுமை ஆய்வு நிறுவனத்தின் முதல் தலைவராக விளங்கியவர். நரம்புக் கலங்கள் அழியும் முறை பற்றிய அவருடைய ஆய்வுகள் மதிப்புக்குரியன. அவர் எழுப்பிய குறையும் நியாயமானதே. அல்சைமர் என்னும் ஜெர்மானிய மருத்துவர் 1906 இல் இந்நோயை விவரித்தார். மூளையில் படியும் அமிலொயிட் என்னும் புரதத்தை அகற்றிவிட்டால் நோய் தீரும் என்ற ஒரே நம்பிக்கையில் மருந்துக் கம்பனிகள் பெரும்பொருளைச் செலவிட்டன. அடுகானுமாப் என்ற மருந்துக்கு, நிபுணர் குழுவின் எதிர்ப்பையும் மீறி, அமெரிக்க அரசு 2021 இல் அனுமதி வழங்கியது. ஆண்டொன்றுக்கு அதன் தொடக்க விலை 56,000 டொலர். 2024 இல் அதனை உற்பத்தி செய்த கம்பனியே அதனைக் கைவிட்டது. முப்பத்தாறு ஓட்டைகள் கொண்ட கூரையில் ஒன்றை மட்டும் அடைத்துப் பயனில்லை என்று பிறெடெசன் கூறும் உவமையில் உண்மை இல்லாமலில்லை.

கேள்வி அதன் பின்னரே எழுகின்றது. முப்பத்தாறு ஓட்டைகளையும் அடைத்துவிட்டதாகக் கூறுபவர், மழையில் அக்கூரையைச் சோதித்துக் காட்டினாரா?

2014 இல் அவர் வெளியிட்ட கட்டுரை பத்து நோயாளரைப் பற்றியது. அவர்களுள் ஒன்பதின்மர் முன்னேற்றம் கண்டனர் என அது கூறியது. ஆனால் அச்சிகிச்சையைப் பெறாத ஒப்பீட்டுக் குழு எதுவும் அதில் இல்லை. மறதியுற்றோரின் நிலை நாளுக்கு நாள் ஏறியிறங்கும் இயல்புடையது. ஒரே சோதனையை மீண்டும் எழுதுவோர் பழக்கத்தாலேயே கூடிய புள்ளி பெறுவர். குணமாகும் என்ற நம்பிக்கையும் மனத்துக்குத் தெம்பூட்டும். ஒப்பீட்டுக் குழு இன்றி இவற்றையும் மருத்துவத்தின் பயனையும் பிரித்தறிதல் இயலாது. இது மருத்துவ மாணவரும் அறிந்த அரிச்சுவடி.

அவ்வாறிருக்க, 2017 இல் அல்சைமர் நோயின் முடிவை அறிவிக்கும் தலைப்புடன் அவர் நூல் வெளிவந்து பெருவிற்பனை கண்டது. அவருடைய சிகிச்சைத் திட்டம் கட்டணத்துக்கு வழங்கப்பட்டது. 2018 இல் நூறு நோயாளர், 2022 இல் இருபத்தைந்து நோயாளர் பற்றிய அறிக்கைகள் வந்தன. இவற்றிலும் ஒப்பீட்டுக் குழு இல்லை. அத்தகைய சோதனை நூல் விற்பனையாகிப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரே தொடங்கப்பட்டது. 2020 இல் நரம்பியல் மருத்துவர் ஜோஅனா ஹெல்முத் ‘லான்செற் நரம்பியல்’ இதழில் இக்குறைகளை எடுத்துக்காட்டினார். இங்கு கண்டிக்கத்தக்கது அவருடைய கருதுகோள் அன்று. முதலில் விற்று, பின்னர் சோதித்த வரிசையே.

பல அம்சங்கள் இணைந்த சிகிச்சையை ஒரு மருந்தைச் சோதிப்பதுபோலச் சோதிக்க முடியாது என அவருடைய ஆதரவாளர் வாதிப்பர். இவ்வாதத்தைப் பின்லாந்து பொய்யாக்கியது. மீயா கிவிபெல்ற்றோ என்னும் மருத்துவரின் தலைமையில், 60 முதல் 77 வயது வரையான 1260 பேர் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர்க்கு உணவுமுறை, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, குருதி அமுக்கக் கண்காணிப்பு ஆகியன ஒருங்கே வழங்கப்பட்டன. மற்றையோர்க்குப் பொதுவான ஆலோசனை மட்டுமே கிடைத்தது. ஈராண்டின் முடிவில் முதற் பிரிவினர் அறிதிறனில் கூடிய முன்னேற்றம் பெற்றமை 2015 இல் வெளியாயிற்று. அப்போதும் அவ்வாய்வாளர் நோய் ஒழிந்தது எனப் பறைசாற்றவில்லை. ஒருங்கிணைந்த முறையைச் சோதிக்கவும் முடியும். சோதித்தபின் அளவோடு பேசவும் முடியும்.

இதனால் தீங்கென்ன என வினவுவோரும் உளர். தீங்கு பணச் செலவோடு முடிவதில்லை. கண்டிப்பான உணவுமுறையும் எண்ணற்ற குளிகைகளும் கொண்ட திட்டமொன்று பலனளிக்காதபோது, திட்டம் குற்றவாளியாவதில்லை. அதனை முறையாகப் பின்பற்றாத நோயாளியும், அவரைப் பராமரித்த மனைவியோ மகளோதான் குற்றவாளிகளாக்கப்படுகின்றனர். தாய் தன் முகத்தை மறந்துபோன துயரோடு, அதற்குத் தானே காரணமோ என்ற பழியையும் ஒரு மகள் சுமக்க வேண்டுமா?

2014 ஆம் ஆண்டுத் திட்டத்தில் அமுக்கராவும் நீர்ப்பிரமியும் மஞ்சளின் சாரமும் இடம்பெற்றமை கண்டு கீழைத்தேயத்தார் பெருமை கொள்வதும் பொருந்தாது. மூலிகை நம்முடையது என்பதால் மெய்யாகிவிடாது; மேனாட்டார் கையாள்கின்றனர் என்பதாலும் மெய்யாகிவிடாது. நினைவாற்றலுக்கெனப் புகழப்பட்ட ஜிங்கோ இலைச் சாரம், 75 வயதைத் தாண்டிய மூவாயிரத்துக்கும் அதிகமானோரிடம் சோதிக்கப்பட்டபோது, மறதிநோயைக் குறைக்கவில்லை என 2008 இல் தெளிவாயிற்று. சோதனைக்கு அஞ்சாத மூலிகையே மருந்தென மதிக்கப்படும்.

அவ்வாறாயின் தடுப்பு எங்குளது? ‘லான்செற்’ ஆணைக்குழு 2024 இல் பதினான்கு காரணிகளை வரிசைப்படுத்தி, அவை யாவும் நீக்கப்படின் மறதிநோயில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தாமதிக்கவோ இயலும் என மதிப்பிட்டது. இளமையிற் கல்வியின்மை, கேள்விக் குறைபாடு, பார்வைக் குறைபாடு, உயர் குருதி அமுக்கம், நீரிழிவு, புகைத்தல், தனிமை, மாசுற்ற காற்று ஆகியன அவற்றுட் சில. இவற்றைக் குளிகைப் போத்தலில் அடைத்து விற்க முடியாது. பாடசாலையைத் தனிமனிதன் விலைக்கு வாங்குவதில்லை. தூய காற்றை எந்த மருத்துவரும் எழுதிக் கொடுப்பதில்லை. வறியவரின் காதுக்கு ஒரு கேட்கும் கருவியும் கண்ணுக்கு ஒரு சத்திரசிகிச்சையும் கிடைக்கச் செய்வது அரசின் பொறுப்பு. செல்வர் தம் நினைவைக் கட்டணம் செலுத்திக் காக்கலாம் என்ற கனவு, இப்பொதுப் பொறுப்பினின்று சமூகத்தின் கவனத்தைத் திருப்புகின்றது.

ஒருங்கிணைந்த மருத்துவம் உண்மையில் ஒருங்கிணைய விரும்பின், முதலில் சான்றோடும், அடுத்துச் சமூக நீதியோடும் இணைதல் வேண்டும். இவ்விரண்டையும் விலக்கிவிட்டு மூலிகையையும் தியானத்தையும் குளிகையையும் மட்டும் இணைப்பது வாணிபமேயன்றி மருத்துவம் ஆகாது.