'டபுள் கோட்' ஜெர்மன் ஷெப்பர்ட் வாங்கப் போறீங்களா? குட்டி விலையைப் பார்த்து முடிவெடுக்காதீங்க



புசுபுசுன்னு முடியோட ஓடி வர ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டியைப் பார்த்தா யாருக்குத்தான் ஆசை வராது? வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மூணு வருஷம் ஆச்சு, கையில போனஸ் வந்திருக்கு, ஒண்ணு வாங்கிடலாம்னு தோணும். தப்பே இல்லை. ஆனா எல்லாரும் கேக்கற முதல் கேள்வி, "குட்டி எவ்வளவு?" என்னைக் கேட்டா, இந்த விஷயத்துலயே முக்கியத்துவம் ரொம்பக் கம்மியான நம்பர் அதுதான்.

எதுக்குக் கூடுதல் காசு குடுக்கறீங்க?

முடி நீளமா இருக்கற குட்டியை 'டபுள் கோட்'னு சொல்லி விலையை ஏத்துவாங்க. உண்மையில முடி குட்டையா இருக்கற ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் ரெண்டு அடுக்கு முடிதான். மேல முரட்டு முடி, உள்ள பஞ்சு மாதிரி அடர்த்தியான முடி. நீங்க கூடுதலா குடுக்கறது முடியோட நீளத்துக்கு மட்டும்தான். அந்த நீளத்துக்கான பராமரிப்புச் செலவு தனியா மாசாமாசம் வரும்.

'கேசிஐ பேப்பர் இருக்கு'ன்னு சொன்னாலும் கவனம். அது வம்சாவளிக்கான சான்று, ஆரோக்கியத்துக்கான உத்தரவாதம் இல்லை. இந்த இனத்துக்கு இடுப்பு மூட்டுப் பிரச்சினை வர வாய்ப்பு அதிகம். தாய், தகப்பன் நாய்களோட இடுப்பு எக்ஸ்ரே இருக்கான்னு கேளுங்க.

இது ஆட்டு மந்தைக்காக உருவான நாய்

1899-ல ஜெர்மனியில மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ்ங்கற முன்னாள் குதிரைப்படை அதிகாரி, அங்கிருந்த மேய்ச்சல் நாய்களை வெச்சு இந்த இனத்தை உருவாக்கினார். மந்தையோட ஓரத்துல நாள் முழுக்க நடந்து, ஆடுங்க பக்கத்து வயலுக்குள்ள போகாம பார்த்துக்கறதுதான் அதோட வேலை. நடமாடற வேலி மாதிரி.

அந்த நாயை ரெண்டு பெட்ரூம் ஃபிளாட்ல காலையில 8 மணிக்குப் பூட்டிட்டுப் போய், ராத்திரி 8 மணிக்கு வந்து திறந்தா என்ன ஆகும்? சோபா கிழியும், பக்கத்து வீட்டுக்காரர் புகார் சொல்வார். ஓடற குழந்தைகளை ஆட்டுக்குட்டி மாதிரி நினைச்சு காலைக் கவ்வப் பார்க்கும். நாய் மேல தப்பு இல்லை, அதுக்கு வேலை இல்லை, அவ்வளவுதான்.

கணக்குப் போடுவோம்

30 கிலோவுக்கு மேல வளர்ற நாய். கீழ இருக்கறது நான் வெச்சுக்கிட்ட உத்தேசக் கணக்கு. உங்க ஊர் விலையைப் போட்டு மாத்திக்கோங்க.

- சாப்பாடு: நாளைக்கு 400 கிராம், மாசம் 12 கிலோ, கிலோ 250 ரூபாய்: 3,000
- காலையில வாக்கிங் கூட்டிட்டுப் போக ஆள்: 3,000
- குரூமிங், மாசம் ஒரு தடவை: 1,200
- தடுப்பூசி, உண்ணி மருந்து, பூச்சி மருந்து (வருஷம் 9,600): 800
- ஊருக்குப் போறப்ப போர்டிங் (வருஷம் 15 நாள், நாளைக்கு 600): 750
- கோடையில மதியம் ஏசி (வருஷச் செலவு 6,000): 500

மொத்தம் மாசம் 9,250 ரூபாய். நாய் 11 வருஷம் இருக்கும்னு வெச்சா 12 லட்சத்து 21 ஆயிரம். விலைவாசி ஏறுறதை இதுல சேர்க்கவே இல்லை. குட்டி 25,000 ரூபாய்னா, அது இந்தத் தொகையில வெறும் 2%.

கைக்கு 45,000 சம்பளம் வருதுன்னா, அதுல 5-ல 1 பங்குக்கும் மேல இதுக்கே போயிடும். கார் லோனைப் பாதியில அடைச்சுட்டு வெளியே வரலாம். நாயை அப்படி முடியாது.

காசை மிச்சம் பண்ண 'வெயிலுக்கு மொட்டையடிச்சிடலாம்'னு மட்டும் யோசிக்காதீங்க. அந்த முடிதான் வெயில் நேரா தோல்ல படாம தடுக்குது, அடிச்சா பழைய மாதிரி வளராமலும் போகலாம். மழைக்காலத்துல உள் முடி ஈரமா நின்னா தோல் புண்ணாகும். முடிக்குள்ள உண்ணி ஒளிஞ்சிருந்தா கண்ணுக்கே தெரியாது. தினமும் சீவித்தான் ஆகணும்.

எக்செல்ல வராத செலவு

நாய் வேணும்னு சொன்னது நீங்க. வீடு முழுக்க கொட்டுற முடியைப் பெருக்கப் போறது யாரு? பல வீட்டுல அம்மாதான். உங்க பட்ஜெட்ல அவங்க உழைப்புக்கு ஒரு வரியும் இருக்காது. வாங்கறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட கேளுங்க. 'பார்த்துக்கலாம் விடு'ன்னு அம்மா சொன்னா, அதை சம்மதம்னு எடுத்துக்காதீங்க.

வாடகை வீடா? வளர்ப்பு நாயே கூடாதுன்னு குடியிருப்போர் சங்கம் தடை போட முடியாதுன்னு இந்திய விலங்குகள் நல வாரியத்தோட வழிகாட்டுதல் சொல்லுது. ஆனா ஹவுஸ் ஓனர் வேற விஷயம். வாடகை ஒப்பந்தத்துலயே எழுதி வாங்கிடுங்க. வேற ஊருக்கு டிரான்ஸ்ஃபர் வந்தா என்ன பண்ணுவீங்கங்கறதுக்கும் இப்பவே பதில் வேணும்.

என்னோட யோசனை: 6 மாசம் ஒத்திகை

மாசம் 9,250 ரூபாயை ஒரு ஆர்டியில போடுங்க. தினமும் காலையில 5 மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் நடங்க, ராத்திரியும் ஒரு மணி நேரம். இந்த 6 மாசத்துல ஏப்ரல், மே கண்டிப்பா வரணும்.

ஒத்திகையை முடிச்சுட்டீங்களா? கையில 55,500 ரூபாய் இருக்கும். அதை எடுத்து குட்டி வாங்காதீங்க. அது நாயோட எமர்ஜென்சி ஃபண்ட். உங்களோட எமர்ஜென்சி ஃபண்ட் தனி. பெட் இன்ஷூரன்ஸ் எடுத்தாலும் வயசு வரம்பையும், எதெல்லாம் கவர் ஆகாதுங்கறதையும் படிச்சுட்டு எடுங்க.

மூணாவது மாசமே ஆர்டி நின்னு போச்சா, அலாரத்தை ஆஃப் பண்ணிட்டுத் தூங்கிட்டீங்களா? அதுவும் நல்ல பதில்தான். அதனால எந்த நாயும் கஷ்டப்படலை. அப்பவும் ஆசை விடலைன்னா, சென்னையில ப்ளூ கிராஸ் மாதிரி காப்பகங்கள்ல குட்டை முடி நாட்டு நாய்க்குட்டிங்க வீடு தேடிக்கிட்டு இருக்கு. நம்ம வெயிலுக்குப் பழகினது, குரூமிங் செலவும் பெரிசா வராது. நேரம் மட்டும் அதுக்கும் குடுத்தே ஆகணும்.

கடைசியா ஒண்ணு. 'இந்தக் காசை எஸ்ஐபில போட்டிருந்தா எவ்வளவு ஆகியிருக்கும்'னு நான் கணக்குக் காட்ட மாட்டேன். நாய் முதலீடு இல்லை. தெரிஞ்சே, சந்தோஷத்துக்காகப் பண்ற செலவு. அப்படிப்பட்ட செலவுக்குத்தானே சம்பாதிக்கிறோம்? ஆனா பட்ஜெட் தப்பாப் போனா நமக்கு வங்கி பேலன்ஸ்தான் குறையும், அந்த நாய்க்கு வீடே இல்லாம போயிடும். அதனால முதல்ல ஆர்டி, அப்புறம் குட்டி.