ஓசி மோடமும் பதினோரு மாச அக்ரிமென்ட்டும்

வீட்டை வாடகைக்கு எடுங்க. கட்டில், பீரோ, ஃப்ரிட்ஜ்கூட வாடகைக்கு எடுங்க, இங்கே புனேயில் அதுக்கும் ஆள் இருக்கு. ஆனா வைஃபை ரவுட்டரை மட்டும் கம்பெனிக்காரன் கிட்ட வாடகைக்கு எடுக்காதீங்க மக்களே. கடையில் காசு கொடுத்து வாங்குங்க.

நம்மாளுங்க கிட்ட ஒரு விசித்திரம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வருஷமே "எத்தனை நாள்தான் வாடகை கொட்டுறது, ஒரு ஃப்ளாட் வாங்கிப் போட்டுடலாம்"னு இருபது வருஷ ஈஎம்ஐக்குத் தலையைக் கொடுப்பாங்க. பெயர்த்து எடுத்துட்டுப் போக முடியாத வீடு சொந்தமா இருக்கணுமாம். தோள் பையில் போட்டுட்டுப் போகக்கூடிய பெட்டி மட்டும் அடுத்தவனோடதா இருக்கலாமாம். கேட்டா, "நாமளே எப்போ எந்த ஊருன்னு தெரியாம இருக்கோம், எதுக்குப் பொருள் சேர்த்துக்கிட்டு?"ங்கறாங்க. அடிக்கடி ஊர் மாறுறவன்தான் ஐயா இதைச் சொந்தமா வச்சிருக்கணும்!

கனெக்‌ஷன் கொடுக்க வர்ற பையன் வாசல்லயே சொல்லிடுவான், "மோடம் ஃப்ரீ ஹை, சார்." அந்த ஃப்ரீக்கு என்ன அர்த்தம்னு பில்லைப் பிரிச்சாத்தான் தெரியும். மாத வாடகைன்னு நேராப் போட்டிருந்தா அவன் யோக்கியன். சிலர் திருப்பித் தருவோம்னு டெபாசிட் வாங்குவாங்க. இன்னும் சிலர் ஆறு மாசப் பணத்தை மொத்தமா வாங்கிக்கிட்டுப் பெட்டி இலவசம்பாங்க, நடுவுல காலி பண்ணினா மிச்சப் பணம் கோவிந்தா. நம்ம பிழைப்பு பதினோரு மாச அக்ரிமென்ட்ல ஓடுதுன்னு அவங்களுக்கு நல்லாவே தெரியும்.

வாடகை மாசம் 100 ரூபாய்னு வைங்க. மேல 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 118. மூணு வருஷத்துக்கு 4,248 ரூபாய். மூணு வருஷம் முடிஞ்சதும் பெட்டி உங்களுதா? கழட்டிக் கொடுத்துட்டுப் போகணும். அந்தக் காசுக்குள்ளேயே 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் ரெண்டும், கிகாபிட் போர்ட்டும் உள்ள நல்ல ரவுட்டர் வாங்கி, மிச்சத்தில் குடும்பத்தோட ஒரு படமும் பார்த்துடலாம் (பாப்கார்ன் சேர்த்தா கணக்கு இடிக்கும், அது மல்டிப்ளெக்ஸ்காரன் அடிக்கிற தனிக் கொள்ளை).

ஒரு விஷயத்தைத் தெளிவு பண்ணிக்கணும். மோடம்னு நாம பழக்கதோஷத்தில் சொல்றது ஃபைபர் வீட்டில் மோடமே இல்லை. ஓஎன்டின்னு பேரு. கண்ணாடி இழையில் வர்ற வெளிச்சத்தை மின் சிக்னலா மாத்துற பெட்டி. அதோட சீரியல் நம்பரைக் கம்பெனி தன் பக்கம் பதிஞ்சு வச்சாத்தான் லைனுக்கு உயிர் வரும். அதனால அது அவங்களோடதாவே இருந்துட்டுப் போகட்டும், எனக்குச் சண்டை இல்லை. அதே டப்பாக்குள்ள ரவுட்டரையும் வைஃபையையும் திணிச்சு, "இதுதான், இவ்வளவுதான்"னு நம்ம தலையில் கட்டுறாங்க பாருங்க, சண்டை அதோடதான்.

இத்தனைக்கும் 2005-ல் பிஎஸ்என்எல் டேட்டாஒன் ஆரம்பிச்சப்போ மோடத்தை வாடகைக்கும் எடுக்கலாம், விலைக்கும் வாங்கலாம். கடையில் வாங்கின ஏடிஎஸ்எல் மோடத்தில் விபிஐ 0, விசிஐ 35னு போட்டு, யூசர்நேம் பாஸ்வேர்ட் கொடுத்தா அதுவும் ஓடும். அந்த ரெண்டு நம்பரை மனப்பாடமா வச்சிருந்த தலைமுறை நாம. வேகம் ஏற ஏற நம்ம கையில் இருந்த உரிமை இறங்கிடுச்சு.

சரி, ஓசிப் பெட்டியோட லட்சணத்தைப் பார்ப்போம். வாகட் பக்கம் நம்ம தமிழ்க் குடும்பம் ஒண்ணு, பிளான் 200 எம்பிபிஎஸ். பெட்டி வாசல்ல செருப்பு ஸ்டாண்டுக்கு மேல ஆணியில் தொங்குது. 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான், பின்னாடி இருக்கிற போர்ட்டோ 100 எம்பிபிஎஸ் போர்ட். வயர் போட்டு இழுத்தாலும் 200 வராது, வரவும் முடியாது. வைஃபையில் கேட்கவே வேண்டாம். 2.4-ல் ஒண்ணோடொண்ணு இடிக்காத சேனல் 1, 6, 11னு மூணே மூணு. எதிர் ஃப்ளாட், மேல் ஃப்ளாட், கீழ் ஃப்ளாட் எல்லாரும் அதுக்குள்ளதான் முட்டிக்கறாங்க. ரெண்டு கான்கிரீட் சுவர் தாண்டி படுக்கையறையில் உட்கார்ந்து ஆபீஸ் கால் பேசுற அம்மணிக்கு மிஞ்சுறது 20, 30. பாதி கால்ல உறைஞ்சு போய் நின்னா மேனேஜர் கஸ்டமர் கேரைத் திட்ட மாட்டார், இவங்களைத்தான் திட்டுவார். வீட்டுக்காரர் என்ன பண்ணினார்? 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறிட்டார். பெட்டி அதே பெட்டி. குழாய் ஓட்டை அடைஞ்சு கிடக்கும்போது மொட்டைமாடியில் பெரிய டேங்க் வச்ச கதை.

அடுத்தது சாவி. டிஆர்-069னு ஒரு நெறிமுறை 2004-லேர்ந்து இருக்கு. அது வழியாக் கம்பெனி தன் இடத்தில் இருந்தபடியே உங்க வீட்டுப் பெட்டியை ரீஸ்டார்ட் பண்ணலாம், செட்டிங்கை மாத்தலாம், உள்ளே இருக்கிற மென்பொருளையும் மாத்தலாம். ரிப்பேர் நேரத்தில் வசதிதான், இல்லேங்கலை. ஆனா பல இடத்தில் அட்மின் பாஸ்வேர்டை நமக்குத் தர்றதே இல்லை. ராத்திரி பத்து மணிக்குப் பையனோட டேப்லெட்டுக்கு மட்டும் நெட்டை நிறுத்தணும்னாலும் நம்ம வீட்டுக்குள்ள நாம பண்ண முடியாது. ஹவுஸ் ஓனர் இன்னொரு சாவி வச்சுக்கிட்டு, நம்ம சாவியையும் பிடுங்கிக்கிட்டா சும்மா இருப்போமா?

வீடு மாறுறதுக்கு வருவோம். ஹிஞ்சேவாடியிலிருந்து நொய்டா போறீங்க. சொந்த ரவுட்டர்னா பேரும் பாஸ்வேர்டும் அதுக்குள்ளயே கூட வருது. புது ஊர் லைனை மாட்டின உடனே ஃபோன், டிவி, லேப்டாப், பிரிண்டர் எல்லாம் எதுவும் நடக்காத மாதிரி ஒட்டிக்கும். ரிப்பேர்னா வாரண்டி அங்கேயும் செல்லும். கம்பெனிப் பெட்டின்னா? அதைத் திருப்பிக் கொடுக்கறதே ஒரு ப்ராஜெக்ட். சாமான் கட்டுற அவசரத்தில் எடுக்க வர்ற ஆளுக்கு நாலு தடவை ஃபோன். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு, அடாப்டர் காணோம்னு 1,500 ரூபாய் டெபாசிட்டையும் மடக்கிட்டாங்க. கடையில் 200, 300 ரூபாய்க்குக் கிடைக்கிற அடாப்டர்!

"கெட்டுப்போனா அவங்களே மாத்தித் தருவாங்களே"ன்னு கேட்கிறவங்களுக்கு: ஊர்ல அப்பா அம்மா தனியா இருக்கிற வீடுன்னா நானும் உங்க கட்சி. அங்கே கேபிள்காரத் தம்பி வந்து தட்டிச் சரிபண்ணிட்டுப் போறதுதான் முக்கியம், ஃபோன்ல நாம இங்கேர்ந்து "அந்தப் பச்சை லைட் எரியுதாம்மா"ன்னு கேட்டு ஒண்ணும் ஆகப்போறதில்லை. பிஜியில் மூணு மாசம் தங்குற பசங்களுக்கும் இந்தச் செலவு தண்டம். குடும்பத்தோட, ரெண்டு பேர் வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கிட்டு இருக்கிறவங்களுக்கு அந்தச் சமாதானம் எடுபடாது. "நாளைக்கு வருவான்"னு சொல்ற ஆளை எதிர்பார்த்து ஒரு நாள் லீவு போட்டாலே ரவுட்டர் விலை போச்சு.

அமெரிக்காவில் கார்ட்டர்ஃபோன் வழக்கில் 1968-லேயே, நெட்வொர்க்குக்குக் கெடுதல் பண்ணாத எந்தக் கருவியையும் ஜனங்க தன் லைன்ல மாட்டலாம்னு முடிவாச்சு. ஐரோப்பிய யூனியன் 2015-ல் விதிமுறையே போட்டுச்சு. ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1 முதல், கம்பெனி ரவுட்டரைத்தான் மாட்டணும்ங்கற கட்டாயம் ஒழிஞ்சது. இங்கேயும் டிவி செட்டாப் பெட்டி எந்தக் கம்பெனிக்கும் பொருந்தணும்னு டிராய் 2020 ஏப்ரலில் பரிந்துரை பண்ணுச்சு. ரவுட்டருக்கு அந்த மாதிரிக் குரல் என் காதில் விழலை. நாம கேட்டாத்தானே?

கேட்க வேண்டியது கனெக்‌ஷன் எடுக்கறதுக்கு முன்னாடி. "பெட்டியை பிரிட்ஜ் மோடில் போட்டுத் தருவீங்களா, பிபிபிஓஈ யூசர்நேம் பாஸ்வேர்ட் கிடைக்குமா?" இந்த ஒரு கேள்விக்கு ஆமாம்னு சொல்ற கம்பெனியை எடுங்க. சொசைட்டியில் ஒரே கம்பெனிதான், அவனும் முடியாதுங்கறானா? அவன் பெட்டியில் வைஃபையை அணைக்கச் சொல்லிட்டு, அதோட லேன் போர்ட்டில் இருந்து ஒரு ஒயர் இழுத்து ஹால் நடுவுல உங்க ரவுட்டரை வைங்க, ஆக்சஸ் பாயின்ட் மோடில். சாதாரண வீட்டு உபயோகத்துக்கு இதுவே தாராளம். லேண்ட்லைன் அந்தப் பெட்டி வழியாத்தான் வருதுன்னா அதை மட்டும் தொடாதீங்க. ஓஎன்டியே இல்லாம நேரா லேன் கேபிள் இழுத்துத் தர்ற லோக்கல் ஆள்னா யோசிக்கவே வேண்டாம், கேபிளை உங்க ரவுட்டர்ல சொருகுங்க.

ஏற்கெனவே டெபாசிட் கட்டி மாட்டிக்கிட்டவங்க, பெட்டி, அடாப்டர் ரெண்டையும் இன்னிக்கே ஃபோட்டோ எடுத்து வைங்க, சீரியல் நம்பர் தெரியற மாதிரி. காலி பண்ணும்போது அந்த நம்பரோட ரசீது கைக்கு வராம பெட்டியை வெளியே விடாதீங்க. "மெசேஜ் ஆயேகா, சார்"ம்பான். வந்ததும் கொடுக்கறேன்னு சொல்லுங்க.