வைக்கோலும் நொதியும்

சோற்றை வாயிலிட்டு நெடுநேரம் மென்றால் இலேசான இனிப்புத் தோன்றுவதை யாவரும் அறிவர். அதே பயிரின் வைக்கோலை எத்துணை நேரம் மென்றாலும் இனிப்பு உண்டாவதில்லை. ஆயினும், சோற்றிலுள்ள மாவுப்பொருளும் வைக்கோலிலுள்ள செல்லுலோஸும் குளுக்கோஸ் என்னும் ஒரே சர்க்கரையால் ஆனவையே. அச்சர்க்கரை மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும் முறையில்தான் வேற்றுமை இருக்கிறது. மாவுப்பொருளின் பிணைப்பை அறுக்கும் நொதி உமிழ்நீரில் உண்டு. செல்லுலோஸின் பிணைப்பை அறுக்கும் நொதி மனித உடலில் இல்லை. மாட்டுக்கும் அது சொந்தமன்று. அதன் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களே அவ்வேலையைச் செய்து கொடுக்கின்றன.

செல்லுலோஸிலிருந்து சர்க்கரை எடுக்கும் முயற்சி புதியதன்று. 1819ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு இரசாயன அறிஞர் பிராக்கொனோ கந்தைத் துணியைக் கந்தக அமிலத்தால் சிதைத்துச் சர்க்கரை பெற்றார். ஆனால் அமிலம் கலங்களை அரிக்கும். உஷ்ணம் மிகுந்தால் உண்டான சர்க்கரையையும் கெடுக்கும். நொதிகளோ சுமார் 50 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில், சிறிது புளிப்புள்ள நீரில், சர்க்கரையைக் கெடாமல் பிரித்துத் தருகின்றன.

இந்நொதிகளை மிகுதியாகச் சுரக்கும் பூஞ்சணம் ஒரு தொல்லையின் வாயிலாகவே அறியப்பட்டது. இரண்டாம் உலகப்போரின்போது பசிபிக் தீவுகளில் அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரங்களும் உடைகளும் விரைவில் இற்றுப்போயின. சாலமன் தீவுகளில் கிடைத்த அப்பூஞ்சணத்தை எல்வின் ரீஸ், மேரி மாண்டல்ஸ் ஆகியோர் நெடுங்காலம் ஆராய்ந்தனர். ரீஸின் பெயரால் அது டிரைக்கோடெர்மா ரீஸி என்று வழங்குகிறது. துணியை அழித்த உயிரே இன்று தொழிலுக்குத் துணையாகி நிற்கிறது.

அது சுரப்பது ஒரே நொதியன்று. ஒருவகை நொதி செல்லுலோஸ் இழையை நடுவில் வெட்டும். இன்னொரு வகை, வெட்டிய நுனிகளிலிருந்து இரண்டிரண்டு குளுக்கோஸ் கொண்ட செல்லோபயோஸாகக் கழற்றும். மூன்றாவது அந்த இரட்டையைப் பிரிக்கும். மூன்றாவது குறைந்தால் செல்லோபயோஸ் தேங்கி மற்றவற்றின் வேலையையும் தடுத்துவிடும். முழுதும் பிளவுற்றால் 100 கிலோகிராம் செல்லுலோஸ், நீரையும் ஏற்றுக்கொண்டு, 111 கிலோகிராம் குளுக்கோஸாகும். ஆனால் வைக்கோலில் செல்லுலோஸ் தனித்து நிற்பதில்லை. ஹெமிசெல்லுலோஸும் லிக்னினும் அதைச் சூழ்ந்துள்ளன. ஆகவே முதலில் நீராவியாலோ, நீர்த்த அமிலத்தாலோ, காரத்தாலோ வைக்கோலைத் தளர்த்திய பிறகே நொதிக்கு வழி திறக்கிறது.

ஹரியானா மாநிலம் பானிப்பட்டில் 2022 ஆகஸ்டு 10ஆம் நாள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட ஆலை, ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் பெறுவதற்காக அமைக்கப்பட்டது. இதைக் கண்டு, நொதி கைக்கு வந்துவிட்டது, இனி வைக்கோல் எரிப்பு ஒழிந்துவிடும் என்று கூறுவோர் உளர். இது பாதி உண்மையே. நொதி தன் வேலையைச் செய்யும். அதன் முன் வைக்கோல் வந்து சேருமா என்பதே கேள்வி.

நிலத்தடி நீரைக் காக்கப் பஞ்சாபிலும் ஹரியானாவிலும் 2009ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டங்கள் நடவை ஜூன் மாதத்துக்குத் தள்ளின, அறுவடையும் பிந்தியது. நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையில் சில வாரங்களே எஞ்சுகின்றன. ஆண்டு முழுவதும் ஓடவேண்டிய ஆலைக்கான வைக்கோலை அச்சில வாரங்களுக்குள் சேர்த்து, கட்டி, மழை படாமல் காக்க வேண்டும். நனைந்த கட்டில் ஆலைக்கு முன்பே பூஞ்சணம் புகுந்து சர்க்கரையைத் தின்றுவிடும். ஒட்டிய மண் இயந்திரங்களைத் தேய்க்கும். நெருப்புக்குச்சியோ செலவற்றது, ஒரே பொழுதில் வயலை ஒழித்துத் தரும். அதனுடன் போட்டியிட வேண்டுமாயின், கட்டும் இயந்திரம் உரிய நாளில் வயலுக்கு வரவேண்டும்; விலையும் தாமதமின்றிக் கிடைக்கவேண்டும். இவ்விரண்டும் இன்றி உழவரைப் பழிப்பது நியாயமாகாது.

நிலத்தின் பங்கையும் மறத்தல் கூடாது. ஒரு டன் நெல் வைக்கோலில் 10 கிலோகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கிறது. எரித்தால் அதில் பெரும்பகுதி சாம்பலாக வயலில் தங்கும். வண்டியேற்றினால் வைக்கோலோடு வெளியேறிவிடும். வைக்கோல் விற்கும் உழவருக்கு இதை எடுத்துரைத்து, இழப்பை ஈடுசெய்யும் உர அளவையும் கூறுவது கள ஊழியர் கடமை. வைக்கோலை அகற்றாமலே கோதுமை விதைக்கும் இயந்திரங்களும் உள்ளன. அவை நொதித் தொழிலுக்குப் பகையல்ல. எவ்வயலுக்கு எது ஏற்றதோ அதை மேற்கொள்வதே அறிவுடைமை.

மேலும், நெல் வைக்கோல் எங்கும் கழிவுப்பொருளன்று. பஞ்சாபில் மாடுகளுக்குக் கோதுமை வைக்கோலே பெரிதும் இடப்படுகிறது. தெற்கிலும் கிழக்கிலும் நெல் வைக்கோலே முக்கியத் தீவனம். அங்கெல்லாம் அதை ஆலைக்கு இழுத்தால், எரிபொருள் கிடைக்கும், பால் குறையும். எரிக்கப்படும் இடத்தில் தொடங்குக, உண்ணப்படும் இடத்தில் தொடாதிருக்க என்பதே இத்தொழிலின் முதல் விதியாக வேண்டும்.

பள்ளியில் இதை விளக்கப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. நீர்த்த கஞ்சியில் ஒரு துளி அயோடின் இட்டால் நீலநிறம் தோன்றும். சிறிது உமிழ்நீரைக் கலந்து இளஞ்சூட்டில் வைத்தால் அந்நிறம் மெல்ல மறையும். அதே உமிழ்நீரில் பஞ்சை நாள் முழுதும் ஊறவைத்தாலும் பஞ்சு பஞ்சாகவே இருக்கும். இதைக் கண்ணாற் கண்ட மாணவன், நொதி யாது என்பதையும், வயலில் எரிவது யாது என்பதையும் மறக்கமாட்டான். அவன் வீட்டு வயலிலும் அறுவடை வரும். அப்போது கட்டும் இயந்திரம் வரப்பில் நிற்குமாறு செய்வது மற்றவர் பொறுப்பு.