விதைத்தபின் ஆய்வதா?

பூவிருந்தவல்லி என்னும் பெயரிலேயே பூ உண்டு. பூ உள்ள இடத்தில் வண்டும் தேனீயும் இருந்தாக வேண்டும். தொழிற்கூடங்களும் குடியிருப்புகளும் நிறைந்துவிட்ட அம்பத்தூரிலும் ஆவடியிலும் கூட, எஞ்சிய வெற்றுநிலங்களில் எருக்கு தழைத்து நிற்கின்றது. அதன் இலையைத் தின்றே வெந்தயவரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு வளர்கின்றது.

அப்பூச்சியின் நெருங்கிய உறவே அமெரிக்காவின் மோனார்க்கு. எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த செடிகளே அதன் புழுவுக்கும் உணவு. தண்டுதுளைக்கும் புழுவைக் கொல்லவென, நுண்ணுயிரி ஒன்றன் நஞ்சுமரபணுவைப் புகுத்திய மக்காச்சோளம் அந்நாட்டில் 1996 முதல் விதைக்கப்பட்டது. 1999-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தார் அதன் பூந்துகளை இலைமேல் தூவி மோனார்க்குப் புழுக்களுக்கு ஊட்டினர். நான்கே நாள்களில் நூற்றுக்கு 44 புழுக்கள் மடிந்தன! அவை பயிருக்கு எக்கேடும் செய்யாதவை.

உண்மையில் ஒருபாதியை மறைப்பது அறமன்று. வயல்களில் நடந்து 2001-இல் வெளிவந்த ஆய்வுகள், பெரும்பாலான வகைகளால் அப்பூச்சிக்கு வரும் கேடு மிகச் சிறிதே எனக் கண்டன. ஆயின், ‘176’ என்னும் ஒருவகையின் பூந்துகளில் மட்டும் நஞ்சு மிகுந்திருந்தது; அவ்வகை கைவிடப்பட்டது. விதைத்து ஐந்தாண்டுகள் கழிந்தபின் தெளிந்த உண்மை இது. பெருங்கேடு நேராமை நற்பேறே, முன்னறிவின் பயனன்று.

அத்தலைகீழ் முறை இந்நாட்டிற்கும் வந்துவிட்டது. 2010 பிப்பிரவரி 9-இல், அன்றைய நடுவணமைச்சர் செயராம் இரமேசு மரபணு மாற்றிய கத்தரியை நிறுத்தி வைத்தார். அதன் தீங்கின்மை உறுதிப்படட்டும் என்பதே அம்முடிவின் அடிப்படை. அவ்வறிவு 2022-இல் எங்கே போயிற்று? அவ்வாண்டு அக்தோபரில் மரபணு மாற்றிய கடுகுக்கு ஒப்புதல் வழங்கிய நடுவணரசு, தேனீக்களுக்கு அதனால் நேர்வதை ஒப்புதலுக்குப் பின் ஈராண்டுக்குள் ஆய்க என்றது! அக்கடுகு பூச்சிகொல்லும் பயிரன்று. எனினும் கடுகுப்பூ தேனீக்களின் பெருந்தீனியன்றோ? 2024 சூலை 23-இல் உச்சநீதிமன்ற நடுவர் இருவரும் இவ்வொப்புதல்மீது மாறுபட்ட தீர்ப்பளித்தனர். ஆயினும், நாடு தழுவிய கொள்கை வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர்.

அக்கொள்கையில் முதல் விதி இதுவாகட்டும்: எப்பயிராயினும் ஊன்றுமுன் ஆய்வு, அதுவும் அயல்நாட்டுப் பூச்சியைக் கொண்டன்று, வெந்தயவரியனும் கொம்புத்தேனீயும் கொசுத்தேனீயும் வாழும் இம்மண்ணின் வயலில். ஆய்வு முடிவு தமிழில் உழவர் கைக்கு வரட்டும். காற்றில் கலந்த பூந்துகளைத் திரும்ப அழைக்க எந்த ஆணையாலும் இயலாது.