நள்ளிரவுக் கையெழுத்தும் பத்து நாள் நோட்டீசும்

உயிர் புனிதமானது என்று ஓர் அரசியல்வாதி பேச ஆரம்பித்தால், யாருடைய உயிரைச் சொல்கிறார் என்றுதான் முதலில் பார்ப்பேன். முதுகலை படித்தபோது வாசித்த ஓர் அமெரிக்க வழக்கு ஏற்படுத்திய பழக்கம் இது.

ஃப்ளோரிடாவைச் சேர்ந்த டெர்ரி ஷைவோவுக்கு 1990 பிப்ரவரியில், 26 வயதில், திடீரென்று இதயம் நின்றது. உயிர் பிழைத்தார், நினைவு திரும்பவில்லை. பதினைந்து ஆண்டுகள் குழாய் வழியாகத்தான் உணவு. இப்படிக் கிடக்க அவர் விரும்பமாட்டார் என்றார் கணவர். பெற்றோர் ஒப்புக்கொள்ளவில்லை. நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பக் கணவர் பக்கமே தீர்ப்பளிக்க, 2005 மார்ச் 18 அன்று குழாய் அகற்றப்பட்டது.

அதன்பிறகு நடந்ததுதான் கூத்து. விடுமுறையில் இருந்த நாடாளுமன்றம் இந்த ஒருவருக்காகக் கூடியது. செனட்டில் மூன்றே பேர் இருந்து குரல் வாக்கெடுப்பில் மசோதாவை நிறைவேற்றினார்கள். எதிர்க்கட்சியிலிருந்து தடுக்க ஒருவரும் வரவில்லை. கீழவையில் நள்ளிரவு தாண்டி 203-க்கு 58. டெக்சாஸ் பண்ணைவீட்டில் ஓய்விலிருந்த அதிபர் ஜார்ஜ் புஷ் விமானம் ஏறி வாஷிங்டன் வந்து, 21-ஆம் தேதி அதிகாலை 1.11 மணிக்குக் கையெழுத்திட்டார். சந்தேகம் வந்தால் உயிரின் பக்கம்தான் நிற்க வேண்டும் என்றார். அந்தச் சட்டத்தாலும் வழக்கின் முடிவு மாறவில்லை. மார்ச் 31 அன்று டெர்ரி இறந்தார்.

இப்போது டெக்சாஸுக்கு வாருங்கள். அந்தக் கையெழுத்துக்கு ஆறு நாள் முன்பு, மார்ச் 15 அன்று, ஹூஸ்டனில் ஆறு மாதம்கூட நிறையாத ஒரு கறுப்பினக் குழந்தையின் வென்டிலேட்டர் நிறுத்தப்பட்டது. குணமாக்க முடியாத மரபணுக் கோளாறு. தாய் வேண்டாம் என்று நீதிமன்றம் வரை போனார்; தோற்றார். மருத்துவமனைக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்த சட்டம் 1999-ஆம் ஆண்டுடையது. சிகிச்சை பயனற்றது என்று மருத்துவர் கருதி, மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவும் ஏற்றுக்கொண்டால், குடும்பத்துக்கு எழுத்துமூலம் தெரிவிப்பார்கள். பத்து நாளுக்குள் வேறு மருத்துவமனை கிடைக்காவிட்டால், குடும்பம் மறுத்தாலும் கருவியை நிறுத்தலாம். (2023-இல்தான் இது 25 நாளானது.) அந்தச் சட்டத்தில் ஆளுநராகக் கையெழுத்திட்டவர் யார்? இதே புஷ். அவர் ஆளுநராக இருந்த காலத்தில் டெக்சாஸில் 152 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது என்பது தனிக் கதை.

அதற்கு முன்பு அந்தப் பத்து நாள்கூட இல்லை என்று புஷ் தரப்பு பதில் சொன்னது. அது உண்மைதான். அந்தக் குழந்தையைக் காப்பாற்றியிருக்க முடியும் என்று நானும் சொல்லவில்லை. மருத்துவர்கள் சரியாகவே முடிவெடுத்திருக்கலாம். ஆனால், உயிரின் பக்கம் நிற்க விமானம் ஏறுகிறவருக்கு இந்தத் தாய் ஏன் கண்ணில் படவில்லை? அதே ஆண்டு டிசம்பரில், டெக்சாஸிலேயே, கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து குடியேறிய 27 வயதுப் புற்றுநோயாளியின் வென்டிலேட்டரும் இதே சட்டப்படி நிறுத்தப்பட்டது. காப்பீடு இல்லாதவர். ஊரிலிருந்து அம்மா வந்து சேரும்வரை பொறுங்கள் என்று குடும்பம் கேட்டது. பணம் காரணமல்ல என்றது மருத்துவமனை. எந்த அவையும் கூடவில்லை.

டெர்ரிக்காக உரக்கப் பேசிய கீழவை ஆளுங்கட்சித் தலைவர் டாம் டிலே, 1988-இல் விபத்தில் அடிபட்ட தன் தந்தைக்கு உயிர்நீட்டிப்பு வேண்டாம் என்ற குடும்ப முடிவில் உடனிருந்தவர். அதை நான் குறை சொல்லமாட்டேன். அன்று அவர் ஒரு மகன். அந்த உரிமையை இன்னொரு குடும்பத்துக்குத் தர மறுத்ததைத்தான் சொல்கிறேன்.

பணக் கணக்கையும் பாருங்கள். டெர்ரியின் பராமரிப்புக்கு உதவியது மருத்துவக் கவனக்குறைவு வழக்கில் கிடைத்த இழப்பீடு. புஷ்ஷின் கட்சியோ, அத்தகைய வழக்குகளில் மனவேதனைக்கான இழப்பீட்டுக்கு 2.5 லட்சம் டாலர் உச்சவரம்பு கேட்டுக்கொண்டிருந்தது. ஏழைகளுக்கான மெடிக்எய்ட் திட்டமும் அவர் செலவில் பங்கேற்றது. கீழவை அதே வாரம் நிறைவேற்றிய பட்ஜெட் அந்தத் திட்டத்தில் வெட்டு கேட்டது.

ஒன்றைக் கலந்துவிடாதீர்கள், தோழர்களே. அன்று டெர்ரியின் பெற்றோர் பக்கம் நின்ற மாற்றுத்திறனாளி உரிமைக் குழுக்களின் பயம் நிஜமானது. வாழத் தகுதியில்லாத உடல் என்று தங்களை யாரோ முடிவு செய்வார்கள் என்ற பயம். தீண்டத்தகாத உடல் என்று முத்திரை குத்தப்பட்ட நமக்கு அது புரியாமல் போகாது. அந்தப் பயத்தை வாக்காக மாற்றப் பார்த்தவர்களைப் பற்றித்தான் என் பேச்சு.

இந்தியாவில் 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம், கண்ணியமாக இறப்பதும் வாழ்வுரிமையின் பகுதி என்று சொல்லி, செயற்கைச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைப்பதை ஏற்றது. 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டையும் வரவேற்கிறேன். ஆனால், களப்பணியில் நான் பார்க்கும் குடும்பங்கள் அந்த விவாதத்துக்கே வந்து சேர்வதில்லை. போன வருடம் ஒரு தூய்மைப் பணியாளர் தனியார் மருத்துவமனையில் ஒன்பது நாள் வென்டிலேட்டரில் இருந்தார். நகை போய், வண்டி போய், வட்டிக்குக் கொடுக்கவும் ஆளில்லை. அரசு மருத்துவமனையில் வென்டிலேட்டர் படுக்கை காலியில்லை. சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறோம் என்ற தாளை அவர் மனைவியிடம் நீட்டினார்கள். "இதுல கையெழுத்து போட்டா நானே அவரக் கொன்னதா ஆயிடுமா தம்பி?" என்று கேட்டார். நான் படித்த சமூகவியலில் அதற்குப் பதில் இல்லை.

ஆம்புலன்சில் காற்றுப் பையைக் கையால் அமுக்கிக்கொண்டே வீடுவரை வந்தார்கள். திண்ணையில் இறக்கியதும் பையைக் கழற்றினார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'உறவினர் விருப்பப்படி' என்று எழுதியிருந்தது.