செவுத்துக்குப் பிடிமண் குடுத்தது யாரு?

போன மாசம் அக்கா மகன் வீட்டு விசேஷத்துக்குச் சென்னை போயிருந்தேன். அவன் குடியிருக்கிறது கண்ணகி நகர், ஓ.எம்.ஆர். ரோட்டில் துரைப்பாக்கம் பக்கம். கூவம், அடையாறு கரைகளில் இருந்த சனத்தையும் ரோட்டோரத்துச் சனத்தையும் 2000-லிருந்து கொண்டுவந்து குடிவச்ச இடம். சுனாமிக்கு அப்புறம் கடலோரத்து ஆளுங்களும் வந்தாங்க. ஒவ்வொரு கூட்டமும் தன் சாமி, தன் பாட்டு, தன் குழம்பு ருசியோடதான் வந்திருக்கு. ஒரு தெருவில் அம்மன் கோயில், அடுத்த தெருவில் சர்ச்சு.

நீங்க அங்கே போகலைன்னாலும் போட்டோவில் பாத்திருப்பீங்க. 2020-ல் ஸ்டார்ட் இந்தியா அமைப்பும் ஏசியன் பெயின்ட்ஸும் மாநகராட்சியோடு சேர்ந்து, அந்த அடுக்குமாடிச் செவுரெல்லாம் பெரிய பெரிய ஓவியமா வரைய வச்சாங்க. வெளிநாட்டு ஓவியர்களும் வந்து வரைஞ்சாங்க. ஒரு முகம் மூணு மாடி உயரத்துக்குச் சிரிக்குது. அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்குது. அழகுதான், குறை சொல்ல வரலை.

பேத்தி முறையாகும் பொண்ணு, காலேஜ் முடிச்சிட்டு வேலைக்கு மனு எழுதிட்டு இருந்தா. விலாசத்தில் துரைப்பாக்கம்னு மட்டும் போட்டிருந்தா. "ஏம்மா கண்ணகி நகரை விட்டுட்டே?"ன்னேன். "அத போட்டா கூப்பிட மாட்டாங்க தாத்தா. படம் பாக்க வர்றவங்க செவுத்தத்தான் போட்டோ எடுக்குறாங்க. எங்கள கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்றாங்க"ன்னா.

ஊருக்குத் திரும்பி வர்ற பஸ்ஸில் பூரா அதே நினைப்புதான். எங்க பக்கத்தில் அய்யனாருக்குப் புரவியெடுப்பு உண்டு. முதல்ல கோயில் மண்ணில் ஒரு பிடி எடுத்து வேளார் கையில் குடுப்போம். அதுக்குப் பேரு பிடிமண். அதுக்கப்புறம்தான் அவர் குதிரை செய்ய உக்காருவார். வீட்டுக்கு வீடு வரி. பழைய குதிரை வெயில் மழையில் சிதைஞ்சாலும் யாரும் கவலைப்படுறதில்லை. அடுத்த எடுப்புக்குப் புதுசு வரும். செய்யிறது வேளார், ஆனா ஊரு அதை எங்க குதிரைன்னுதான் சொல்லும்.

எங்க ஊரு ரொம்ப யோக்கியம்னு நினைச்சிடாதீங்க. காலனிக்காரங்ககிட்ட வரி வாங்காமலே எத்தனையோ எடுப்பு நடத்தியிருக்கோம். வரி இல்லைன்னா மரியாதையும் இல்லை. "நாங்களும் வரி குடுக்கிறோம், வாங்கிக்குங்க"ன்னு அவங்க வந்து நின்ன கூட்டத்தில், நானும் வாயத் திறக்காம உக்காந்திருந்தேன். இப்ப வாங்குறோம். அந்த மௌனம் மட்டும் இன்னும் உறுத்துது. அதனால சொல்றேன், எல்லாரையும் ஒண்ணா நிக்க வச்சு ஒரு படம் வரையிறது சுலபம். அவங்க குடுக்கிறதை வாங்கிக்கிறதும் அவங்க சொல்றதைக் கேக்கிறதும்தான் கஷ்டம்.

கண்ணகி நகர் செவுத்தில் பல இடத்தில் சாயம் மங்கிப்போச்சு. மறுபடி வரையத்தான் வேணும். அப்போ பிடிமண் அந்த சனத்தோட கையிலிருந்து வரட்டும். என்ன வரையணும்னு பிளாக் பிளாக்கா உக்காத்தி வச்சு கேளுங்க. ஒரு வீட்டில் கட்டுமரம்னு சொல்லலாம், இன்னொரு வீட்டில் கானா பாட்டுன்னு சொல்லலாம், தண்ணிக் குடத்து வரிசைன்னும் சொல்லலாம். அதையும் வரையட்டும். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தொழில் கத்துக்குடுத்து, கூலியும் குடுத்து வரையச் சொல்லுங்க. 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வாங்கின நம்ம நாட்டுப் பெண்கள் கபடி அணியில் ஆடின கார்த்திகா அந்த ஊருப் பொண்ணுதான். அன்னைக்கு கண்ணகி நகர்ங்கிற பேரை நாடே சொல்லுச்சு. அந்தப் பேரை உசத்துனது சாயமில்ல, அந்தப் பொண்ணோட உழைப்பு.

பட்டணத்தில் இருக்கிற உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அந்தச் செவுத்தைப் பாக்கப் போனா, அங்கே நிக்கிறவங்களைத் தள்ளி நிக்கச் சொல்லாதீங்க. உங்க ஆபீஸுக்கு கண்ணகி நகர்னு விலாசம் போட்ட மனு வந்தா, அதைத் தனியா எடுத்து வைக்காதீங்க. எங்க பொண்ணு மனுவாகவும் இருக்கலாம்.